கைத்தொழில் பக்கம்: பழைய போட்டிலிருந்து சில்லு கழற்றுதல்

வீட்டோடு இருந்து றேடியோ திருத்தப் பழகும் சகோதரிகளே, பழுதான சேர்க்கிட் போட்டை வீசிவிடாதீர்கள். அதிலுள்ள நல்ல சில்லு இன்னொரு றேடியோவுக்கு உதவும்.

தேவையானவை: 25 அல்லது 30 வாற் சோல்டரிங் அயன், ஈயம் உறிஞ்சும் கைப்பம்ப், சிறிது ஈயக்கம்பி, பேஸ்ற்.

சில்லின் கால்கள் போட்டின் மறுபக்கத்தில் ஈயத்தால் பற்றவைக்கப்பட்டிருக்கும். பழைய ஈயம் இலகுவில் உருகாவிட்டால் அதன்மேல் சிறிது புது ஈயம் வையுங்கள். இரண்டும் கலந்து உருகும். உருகியவுடன் பம்பால் உறிஞ்சுங்கள். ஒரு காலில் மூன்று, நான்கு விநாடிக்கு மேல் சூடு வைத்தால் போட்டிலுள்ள செப்புக்கோடு கழன்றுவிடும். மிச்ச ஈயத்தின் மேல், பழைய வயரின் செப்பு இழைகளைப் பின்னி, பேஸ்ற் தடவி வைத்து அயனால் அழுத்துங்கள், இழை உறிஞ்சிவிடும். எல்லாக் கால்களும் அசைந்த பிறகே சில்லை மெல்லக் கிளப்புங்கள்.

கெதியாக முடியுமென்று போட்டை அடுப்பில் சுடவே வேண்டாம். சீனாவின் குய்யூ ஊரில் நிலக்கரி அடுப்பில் சுட்டுத்தான் கழற்றினார்கள். அங்கு பரிசோதிக்கப்பட்ட 165 சிறுவரில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேற்பட்டோரின் இரத்தத்தில் ஈயம் அளவுக்கு மிஞ்சியிருந்ததாக 2007இல் வெளிவந்த ஆய்வு கூறியது. ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

ஆகவே, இந்த வேலையைக் குசினியில் செய்யாமல் காற்றோட்டமான திண்ணையில் செய்யுங்கள். கர்ப்பிணிகள் தவிர்த்துக்கொள்ளுங்கள். ஈயத் துணுக்குகளை மூடியுள்ள ரின்னில் சேருங்கள். வாவியிலோ கிணற்றடியிலோ கொட்டாதீர்கள். சவர்க்காரமிட்டுக் கைகழுவிய பின்பே பிள்ளையைத் தூக்குங்கள்.