வைக்கோலைக் கொளுத்தத்தான் வேண்டுமா?



பெரும்போக வேளாண்மை வெட்டு முடிந்ததும் மட்டக்களப்பின் வவுணதீவுப் பக்கம் வயல்களில் புகை எழும். வெட்டு மெசின் சிதறவிட்ட வைக்கோலைக் கூலி கொடுத்துக் கூட்டுவது யாருக்குக் கட்டுப்படியாகும்? விவசாயியின் அவதி நமக்குப் புரியாததல்ல.

ஆனால், எரிவது உரக் காசு. பயிர் உறிஞ்சிய பொற்றாசியத்தில் பெரும்பங்கு வைக்கோலில்தான் இருக்கிறது. கொளுத்தினால் நைதரசன் புகையோடு போய்விடும். சாம்பலில் மிஞ்சுவதை மழை கழுவிவிடும். 2021இல் அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தபோது பட்ட பாட்டை எந்த வீடாவது மறந்திருக்குமா?

கொளுத்தாமல் விட்டால் வைக்கோல் எப்படி உக்கும்? சோற்றிலுள்ள மாப்பொருளும் வைக்கோலிலுள்ள செலுலோசும் குளுக்கோசால் ஆனவையே. கோத்த விதம்தான் வேறு. செலுலோசின் பிணைப்பை அறுக்கும் நொதியம் நம் உடலில் இல்லை. மாட்டுக்கும் சொந்தமாக இல்லை. அதன் இரைப்பையில் வாழும் பற்றீரியாக்களிடம் இருக்கிறது. நாம் ரசித்துச் சாப்பிடும் எருமைத் தயிருக்குப் பின்னால் அவற்றின் உழைப்பு உண்டு.

செலுலோசை உடைக்கும் வேலையை ஒரு நொதியம் தனியாகச் செய்வதில்லை. ஒன்று சங்கிலியை நடுவில் வெட்டும். இன்னொன்று நுனியிலிருந்து இரண்டிரண்டு குளுக்கோசாகக் கழற்றும். மூன்றாவது அந்தச் சோடியைப் பிரிக்கும். இப்படிக் காபோவைதரேற்றுகளை உடைக்கும் நொதியங்களை பிரெஞ்சு விஞ்ஞானி பெர்னார்ட் ஹென்ரிசா 1991இல் 35 குடும்பங்களாக வகுத்தார். இன்று அவை 180ஐத் தாண்டிவிட்டன.

பற்றீரியாக்களிடம் மட்டுமல்ல, பங்கசுகளிடமும் இந்த நொதியங்கள் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது சொலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்களும் உடைகளும் உக்கிப்போயின. அங்கே பிடிபட்ட பங்கசுதான் திரைக்கோடெர்மா ரீசி. அதன் நொதியங்களைக் கொண்டுதான் இன்று ஜீன்ஸ் துணியையும் வெளிறவைக்கிறார்கள். அதன் இனத்துப் பங்கசுகள் நம் வயல் மண்ணிலும் உண்டு. நெருப்பு வைத்தால் மேல்மண்ணில் அவையும் கருகும் அல்லவா?

செய்ய வேண்டியது பெரிதில்லை. வைக்கோல், சாணம், கிளிசரியா இலை என்று அடுக்கி, ஈரம் காயாமல் பார்த்து, இடையிடையே புரட்டினால் பசளையாகும். அப்படியே உழுது புதைப்பதென்றால் விதைப்புக்குச் சில வாரம் முன்பே செய்துவிடுங்கள். உக்கும்போது நுண்ணுயிர்கள் மண்ணின் நைதரசனை எடுத்துக்கொள்வதால், அவசரப்பட்டு விதைத்தால் இளம்பயிர் மஞ்சளாகும். இதைச் சொல்லாமல் "எரிக்காதே" என்று மட்டும் உபதேசிப்பது சரியில்லை.

வரும் போகத்தில் ஒரு வரவையை மட்டுமாவது கொளுத்தாமல் விட்டுப் பாருங்கள். பயிர் எப்படி வந்தது என்று எங்களுக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்