ஏரிக்குள் ஒரு நகரம்!

சென்னை தியாகராயநகர். தீபாவளி நெருங்கிவிட்டால் ரங்கநாதன் தெருவில் எள் போட்டால் எள் விழாது. அத்தனை கூட்டம்!

நூறு ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பகுதியில் என்ன இருந்தது, தெரியுமா?

தண்ணீர்!

ஆம். நுங்கம்பாக்கத்தில் இருந்து சைதாப்பேட்டை வரை, மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே பெரிய ஏரி ஒன்று நீண்டு கிடந்தது. அதில் படகுப் போட்டி நடந்ததும் உண்டு.

பெயர் மட்டும் நிற்கிறது

நகரத்தில் மக்கள் பெருகினார்கள். குடியிருக்க வீடு வேண்டுமே! 1923-ம் ஆண்டில் ஏரியை வடிக்கும் வேலை தொடங்கியது. தண்ணீர் நின்ற இடத்தில் தெருக்கள் வந்தன. சர் பிட்டி தியாகராயர் பெயரால் தியாகராயநகர் எழுந்தது.

மேற்கு மாம்பலத்தில் இன்றும் "லேக் வியூ ரோடு" இருக்கிறது. ஆனால், அங்கே நின்று பார்த்தால் ஏரி தெரியாது!

சாடு ஏரியின் கதை

ஆப்பிரிக்காவில் சாடு என்று ஓர் ஏரி உண்டு. பரப்பு பெரிது, ஆழம் குறைவு. தட்டில் ஊற்றிய தண்ணீர் போன்றது அது. நீர்மட்டம் சிறிது இறங்கினாலும் கரை வெகு தூரம் பின்வாங்கிவிடும்.

1960-களில் அதன் பரப்பு சுமார் 25 ஆயிரம் சதுர கிலோ மீட்டர். பிறகு மழை பொய்த்தது. ஆறுகளில் வரத்துக் குறைந்தது. 1980-களில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. மீன் பிடித்தவர்கள் தவித்தார்கள். பின்னர் மழை பெய்தது. ஏரி ஓரளவு மீண்டது.

சாடு ஏரியை வானம் சுருக்கியது, வானமே விரித்தது. மாம்பலம் ஏரியை மனிதன் மூடினான். இனி அது விரிய இடம் ஏது?

வெள்ளமும் தாகமும்

இடம் இல்லாவிட்டாலும் மழை பெய்யாமல் இருக்குமா? பள்ளத்தை நாடுவது தண்ணீரின் குணம். 2021 நவம்பர் மழையில் தியாகராயநகர் தெருக்கள் குளங்கள் ஆயின. அதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன்பு, 2019 கோடையில், சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டன. குடத்தோடு மக்கள் லாரிக்குக் காத்து நின்றார்கள்.

தேக்க வேண்டிய இடத்தில் தேக்காவிட்டால் இரண்டு துன்பமும் வரும்!

என்ன செய்யலாம்?

தியாகராயநகரை இடித்து ஏரி வெட்ட முடியாது. ஆனால், எஞ்சியதைக் காக்கலாம். தெற்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலம் இருக்கிறது. 2022-ல் அது "ராம்சார்" தலமாக உலகப் புகழ் பெற்றது. அங்கே இனி ஒரு கூடை மண்ணும் கொட்டக்கூடாது.

வீட்டுக் கூரையில் விழும் மழைநீரை நிலத்துக்குள் இறக்குவோம். அந்தக் குழாய் அடைத்திருந்தால் இன்றே சுத்தம் செய்வோம்.

ஏரியில் வீடு கட்டினோம். வீட்டிலாவது தண்ணீருக்கு இடம் கொடுப்போம்!