துணைநூல் சுட்டும் கடமை

பிறர் துணையின்றித் தனித்து ஆக்கப்படும் பொருள் உலகில் அரிது. ஆம்பூரில் உருவாகும் காலணி ஒன்றையே நோக்குவோம். தோல் ஓரிடத்தது; அடிப்பாகம் வேறிடத்தது; உள்துணியும் பசையும் பிறிதோரிடத்தன. எவ்வுறுப்பு எங்கிருந்து வந்தது என அறியாதவர் காலணி செய்யலாம். அதற்குப் பொறுப்பேற்றல் இயலாது. கணினி நிரலும் அத்தகையதே. இதனை நம் மாணவர் உணர்தல் வேண்டும் என்பதே ஈண்டு நாம் வலியுறுத்த விழைவது.

நிரல் எழுதும் மாணவர் பலர் இன்று ஒரு பொத்தானை அழுத்திப் பணியை முடிக்கின்றனர். பிறர் எழுதிய நிரல் நூலகங்கள் தாமே வந்து இணைகின்றன. கட்டளை வரியில் தொகுப்போர்க்கு இவ்வசதி இல்லை. ஜாவா மொழியாயின், துணைநூலகக் கோப்பு இருக்கும் இடத்தைக் 'கிளாஸ்பாத்' என்னும் குறிப்பால் தொகுப்பிக்குச் சுட்டுதல் வேண்டும். நிரலை இயக்குங்காலும் மீண்டும் சுட்டுதல் வேண்டும். சி மொழியாயின், வழக்கமான இடத்தில் இல்லாத நூலகத்திற்குத் தலைப்புக் கோப்புகள் உள்ள இடம், நூலகம் உள்ள இடம், நூலகத்தின் பெயர் ஆகிய மூன்றையும் தனித்தனியே கூறுதல் வேண்டும். தவறின், பிழை காட்டிப் பணி நின்றுவிடும். இதனைத் தொல்லை என்பர் சிலர். கல்வி என்போம் நாம்.

1989-இல் ஜெர்மனி பென்டாகுளோரோபீனால் என்னும் பூஞ்சைக்கொல்லியைத் தடை செய்தபோது நம் தோல் தொழில் உற்ற இடரை மூத்தோர் அறிவர். எச்சரக்கினுள் எது கலந்துள்ளது என அறிவது அன்று பிழைப்பிற்கே இன்றியமையாததாயிற்று. 2021 டிசம்பரில் 'லாக்ஃபோர்ஜே' என்னும் ஜாவா நூலகத்தில் பெருங்குறை வெளிப்பட்டபோதும் அதுவே நிகழ்ந்தது. அந்நூலகம் தம் மென்பொருளுள் உள்ளதா என்பதையே அறியாது உலகெங்கும் நிறுவனங்கள் பல தேடித் திகைத்தன.

தமிழ்த்துறைக்கு இதில் என்ன அக்கறை எனின், தொகுத்தல் நம் முன்னோர் கலை. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர் எனவும், தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி எனவும் பெயர் சுட்டப்பெற்றுள்ளது. இயற்பெயர் தெரியாத புலவரையும் செம்புலப்பெயனீரார் என, அவர்தம் பாட்டின் தொடராலேயே குறித்தனர், பெயரற்றவராக விட்டாரில்லை.

'தமிழ்' என்னும் சொல்லில் எழுத்து மூன்று. யூனிகோடு முறையில் கணினி எண்ணும் குறியீடுகளோ ஐந்து. இவ்வேறுபாட்டைக் களைந்து எழுத்தெண்ணித் தரும் 'ஓப்பன் தமிழ்' என்னும் பைத்தான் நூலகத்தை முத்து அண்ணாமலை முதலிய ஆர்வலர் விலையின்றி வழங்கியுள்ளனர். அதன் எம்.ஐ.டி. உரிமம் வேண்டுவது, பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் நீக்காதிருத்தலே. அதனையும் மறைத்துத் தம் ஆக்கமெனப் பட்டத்திற்கு அளிப்பது கல்வியாகாது.

ஆகவே, கணினி பயிலும் மாணவர் முதலாண்டிலேனும் கட்டளை வரியில் தொகுத்துப் பழகுதல் நன்று. செயல்திட்ட ஏட்டின் இறுதியில், தொகுத்த கட்டளையையும், துணைநின்ற நூலகங்களின் பெயர், பதிப்பெண், உரிமம் ஆகியவற்றையும் எழுதுமாறு துறைகள் பணித்தல் வேண்டும். அதற்கு ஒரு பக்கம் போதும். வேலை நாடிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் செல்லும் நம் பிள்ளைகள், தாம் ஆக்கியதனுள் யார் யார் உழைப்பு உள்ளது என வினவப்படுங்கால், தயங்காது விடையிறுப்போராய்ச் செல்லட்டும்.