கொழுப்பு யாருக்கு?

மே மாசம் பத்தாம் தேதி வந்தாலே ரெண்டு கோஷ்டி கிளம்பிடும். முதல் கோஷ்டிக்கு 1857-ங்கிறது மூடநம்பிக்கை பிடிச்ச சிப்பாய்ங்க ஒரு தோட்டாவைப் பார்த்து மிரண்ட கதை. "கொழுப்பு தடவாம ரைஃபிள் சுட முடியாதே, வெள்ளைக்காரன் வேற என்னதான் செய்வான்?"ன்னு கேப்பாங்க. ரெண்டாவது கோஷ்டிக்கு அது பக்கா சதி. "மதம் மாத்தணும்னே பசுக்கொழுப்பையும் பன்னிக்கொழுப்பையும் கலந்தான்"னு அடிச்சுச் சொல்வாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே ஒரு ஒத்துமை. குழல் வாய் வழியா மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு நிமிஷம்கூட யோசிச்சது கிடையாது. இவங்க ரெண்டு பேர்கூடவும்தான் இன்னைக்கு சண்டை.

எங்க இலத்தூர், செங்கோட்டை பக்கம் மலையடிவாரத்துல பழைய ஆளுங்க கிட்ட நாட்டுத்துப்பாக்கி பத்திக் கேட்டுப் பாருங்க. மருந்தைப் போடு, தென்னை நாரை உருட்டி வச்சு கம்பியால இடி, ரவையைப் போடு, மறுபடி நாரு, மறுபடி இடி. அவ்வளவுதான். எண்ணெயும் கிடையாது, கொழுப்பும் கிடையாது. காட்டுப்பன்னி கிட்டேருந்து பயிரைக் காப்பாத்த இந்த மாதிரி துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுக்கலாம்னு 1959 ஆயுதச் சட்டத்துலயே இருக்கு. (டிஸ்கி: எங்கிட்ட அது இல்ல, போலீஸ் அண்ணாச்சிங்க யாரும் வீட்டுக்கு வந்துராதீங்க.) இதுக்கு உள்பக்கம் வழவழன்னு இருக்கும். கம்பெனிக்காரன் சிப்பாய்க்குக் கொடுத்த பழைய பிரவுன் பெஸ் மஸ்கட்டும் இதே சாதிதான். குழல் முக்கால் அங்குலம், குண்டு அதைவிட நல்லாவே சின்னது. தோட்டாக் காகிதத்தைப் பல்லால கடிச்சு மருந்தைக் கொட்டி, குண்டையும் காகிதத்தையும் சேர்த்து இடிச்சா தீர்ந்துச்சு. அதாவது, தோட்டாவைக் கடிக்கிறது 1857-ல புதுசா வந்த வழக்கம் இல்லவே இல்ல. அப்பன் பாட்டன் காலத்துலேருந்து கடிச்சிட்டுதான் இருந்தாங்க. கடிக்கச் சொன்னதுதான் பிரச்சனைன்னு சொல்றவங்க இங்கேயே அவுட்டு.

ரைஃபிள் வேற ஜாதி. குழலுக்குள்ள திருகு மாதிரி புரி வெட்டியிருக்கும். குண்டு அந்தப் புரியைப் பிடிச்சு சுழண்டாத்தான் குறி நேரா போகும். உருண்டைக் குண்டை அப்படியே அளவா செஞ்சு இறக்கினா, ரெண்டு வேட்டுக்கு அப்புறம் இடிக்க சுத்தியல்தான் வேணும். அதுக்குத்தான் கொஞ்சம் சின்னக் குண்டு, சுத்தி ஒரு துணி. பேட்ச்சுன்னு சொல்வாங்க. புரியைப் பிடிக்கிறது துணி, குண்டைச் சுழட்டுறதும் துணி, பின்னால வர்ற புகையை அடைக்கிறதும் அதே துணி. 1800-ல இங்கிலீஷ்காரன் எடுத்த பேக்கர் ரைஃபிள் இப்படித்தான் சுட்டுச்சு.

இப்ப இந்தத் துணி சமாச்சாரம். இன்னைக்கும் அமெரிக்காவுல பொழுதுபோக்கா இதைச் சுடுறவங்க விரும்பி வாங்குறது எது தெரியுமா? மெத்தைத் துணி! நம்மூர்ல இலவம்பஞ்சு மெத்தைக்குத் தைக்கிற கோடு போட்ட கெட்டித் துணி இருக்கே, கிட்டத்தட்ட அதேதான். சுத்தப் பருத்தியா இருக்கணும், நெருக்கமா நெஞ்சிருக்கணும், கஞ்சி போகத் துவைச்சிருக்கணும். பாலியஸ்டர் கலந்திருந்தா சூட்டுல உருகி குழல்ல ஒட்டிக்கும். அரை அங்குலக் குழல்னா 0.490 அங்குலக் குண்டு, துணி 0.015 பக்கம். சுட்டப்புறம் கீழ விழுந்த துணியைப் பொறுக்கிப் பார்த்தாலே ஜாதகம் தெரிஞ்சிரும். கருகி ஓட்டை விழுந்திருந்தா துணி மெலிசு, இல்லாட்டி எண்ணெய் பத்தல. ஓரத்துல வெட்டுப் பட்டிருந்தா புரி விளிம்பு கூரா இருக்கு. காடாத் துணி நெய்யத் தெரிஞ்ச ஊர்ல இதெல்லாம் பெரிய வித்தையா என்ன?

எண்ணெய்க்கு வருவோம், சண்டையே அங்கதானே. கருமருந்து எரிஞ்சா பாதிக்கு மேல புகையாப் போகாது, திடமாத் தங்கிடும். குழல்ல கெட்டியா அப்பிக்கும். அடுத்த குண்டு இறங்கணும்னா அந்த அழுக்கு இளக்கமா இருக்கணும். குத்தாலத்துல சாரல் அடிக்கிற மாசம்னா அழுக்கே ஈரத்தை இழுத்துக்கிட்டு தானா இளகிரும். சித்திரை வெயில்ல காஞ்சு ஓடாயிடும். ஆக, பசை வேணும்கிறது உண்மை. முதல் கோஷ்டிக்கு இந்த அளவு மார்க் போடலாம். ஆனா பசைன்னா மாட்டுக் கொழுப்புதான்னு எந்த சாஸ்திரத்துல எழுதியிருக்கு? மிஷின் ஆயில் போட்டா தார் மாதிரி பிசுபிசுத்துக் கெடுத்துரும். ஆனா தாவர எண்ணெய் தாராளமா ஆகும். எண்ணெய் மட்டும்னா வழிஞ்சு மருந்தை நனைச்சிரும், அதனால தேன்மெழுகு கூட்டணும். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியிலயே உருகிடும். மெழுகு உருக 62 டிகிரிக்கு மேல வேணும். ரெண்டையும் காய்ச்சிக் கலந்தா, எங்க வெயிலுக்கு எவ்வளவு கெட்டி வேணுமோ அவ்வளவு கெட்டியா பிடிச்சுக்கலாம். உருக்கின கொழுப்போ 40, 45 டிகிரியிலேயே நெகிழ ஆரம்பிக்கிற சரக்கு. இந்திய வெயிலுக்கு அது மட்டமான தேர்வு, சாதியே பார்க்காதவனுக்கும்தான். எங்கூர் கோயில் சாமிக்கே மதுநாதர்னு பேரு, தேனுக்கா பஞ்சம்? ஹிஹி.

"அட, இதெல்லாம் இப்ப தெரிஞ்சது, அப்ப தெரியுமா?"ன்னு ஒருத்தர் வருவார். தெரியும் சாமி. என்ஃபீல்டுக்கு முன்னாடியே வங்காளப் படையோட சிப்பாய் ரெஜிமெண்ட்கள்ல ரைஃபிள் கம்பெனிங்க இருந்துச்சு. பிரன்ஸ்விக்னு ரெண்டு புரி ரைஃபிள், அதுக்குப் பசை தடவின பேட்ச். 1857 ஜனவரி கடைசியில மீரட்லேருந்து தலைமை நிர்வாக அதிகாரி அனுப்பின பதில் என்ன தெரியுமா? சிப்பாய்ங்க பல வருஷமா பசை போட்ட தோட்டாவைத்தான் பயன்படுத்துறாங்க, அந்தப் பசை ஆட்டுக் கொழுப்பும் மெழுகும்னு. கவனிங்க மக்களே, ஆட்டுக் கொழுப்பு! பிராணிக் கொழுப்புதான், ஒருத்தரும் கலவரம் பண்ணல. எதுல செஞ்சதுன்னு தெரிஞ்சிருந்தா சிப்பாய் தன் கையாலயே தடவிக்கிட்டான். "புது டெக்னாலஜியைக் கண்டு பயந்தான்"கிற கதை இந்த இடத்துல நொறுங்கிப் போகுது.

என்ஃபீல்டுல துணிக்குப் பதில் காகிதமே பேட்ச். குண்டு இருக்கிற முனையில காகிதத்துக்கு வெளியே பசை தடவியிருக்கும், மருந்து இருக்கிற மறுமுனையைத்தான் கடிக்கணும். இதை வச்சுக்கிட்டு சில அதிமேதாவிங்க "கொழுப்பு வாயிலயே படாது, எல்லாம் வதந்தி"ன்னு எழுதுறாங்க. ஏன்யா, கட்டுக்கட்டா அடுக்கி இடுப்புப் பையில வச்ச தோட்டா, வட இந்தியாவோட கோடை, கொழுப்பு காகிதத்துல ஊறி எங்க வரைக்கும் வரும்னு ஒரு வடையை பேப்பர்ல சுத்தி வச்சுப் பார்த்தாலே தெரியுமே. வாயில படணும்னுகூட அவசியமில்ல. கையில பிடிச்சாலே தீட்டுன்னு நினைக்கிறவன் அவன். அந்த நம்பிக்கை எனக்கும் பிடிக்காதுதான், ஆனா அவனைச் சம்பளத்துக்கு வச்ச கம்பெனிக்கு அது நல்லாவே தெரியும்.

எவ்வளவு நல்லாத் தெரியும்னா, 1853-லயே எழுத்துல இருக்கு. வெயில்ல தோட்டா தாங்குதான்னு சோதிக்க இங்கிலாந்துலேருந்து சரக்கு வந்தப்ப, கர்னல் டக்கர்னு ஒருத்தர் எழுதுறார்: பசை சாதி உணர்வைப் புண்படுத்தாததுன்னு உறுதியாத் தெரியாத வரைக்கும் இதைச் சிப்பாய்ங்களுக்குக் கொடுக்காதீங்க, வெள்ளைக்காரப் படைக்கு மட்டும் கொடுங்கன்னு. கடுதாசி போச்சு, ஃபைல்ல படுத்துச்சு. 1857 ஜனவரியில டம்டம்ல விஷயம் வெடிச்சப்புறம் படைக்கலத் துறைத் தலைவர் கர்னல் அபாட் என்ன சொன்னார்? ஆட்சேபமான கொழுப்பு சேராம இருக்க விசேஷமா எந்த முன்னெச்சரிக்கையும் எடுத்த மாதிரி தெரியலன்னு. இதுக்குப் பேரு சதி இல்ல, ரெண்டாவது கோஷ்டி அண்ணாச்சிங்களே. சதி பண்றவன் யோசிக்கணும், திட்டம் போடணும். இவன் யோசிக்கவே இல்ல. என்ன கொழுப்புன்னு ஒரு வரி எழுதி வாங்க சோம்பல். "இவங்க கேக்கவா போறாங்க"ங்கிற அந்த மெத்தனம் எனக்கு சதியைவிட எரிச்சலா இருக்கு.

தெக்கத்திக்காரன் இதுக்கெல்லாம் அலட்டிக்கமாட்டான், அதான் மதராஸ் படை 1857-ல பெரும்பாலும் சும்மா இருந்துச்சுன்னு பெருமையடிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: வேலூர். 1806 ஜூலை 10. தலைப்பாகையில தோல்ல செஞ்ச ஒரு குஞ்சம் வச்சாங்க, அது எந்த மிருகத்துத் தோல்னு கேள்வி வந்துச்சு. அதுவும் சேர்ந்துதான் கோட்டையில ரத்தம் ஓடுச்சு. கவர்னர் பெண்டிங்கையும் தளபதி கிரடாக்கையும் திருப்பிக் கூப்பிட்டுக்கிட்டாங்க. ஐம்பத்தோரு வருஷம் கழிச்சு அதே கேள்விக்கு அதே மெத்தனம்.

சரி, தப்பைத் திருத்தினாங்களான்னா, திருத்தினாங்க. அந்த ஜனவரி 27-லயே, பசையில்லாத தோட்டா கொடுங்க, சிப்பாயே தனக்குப் பிடிச்ச கலவையைத் தடவிக்கட்டும்னு உத்தரவு. அப்புறம் கடிக்க வேண்டாம், கையால கிழின்னு பயிற்சியையே மாத்தினாங்க. பின்னாடி என்ஃபீல்டு தோட்டாவுக்கு தேன்மெழுகே முக்கியப் பசையாவும் ஆச்சு. ஆமா, கடைசியில நம்ம மெழுகுக்குத்தான் வந்தான்! ஆனா அதுக்குள்ள நம்பிக்கை போயிடுச்சு. பிப்ரவரியில பெர்ஹாம்பூர்ல 19-வது படைக்காரங்க பசையே இல்லாத தோட்டாவோட காகிதம் பளபளன்னு இருக்குன்னு சொல்லி வாங்க மறுத்தாங்க. ஏப்ரல் 24-ல மீரட்ல 90 பேரை நிறுத்தி தோட்டா நீட்டினா 85 பேர் தொடமாட்டேன்னுட்டாங்க. அது என்ஃபீல்டு தோட்டாவே இல்ல. வருஷக்கணக்கா அவங்க சுட்டுக்கிட்டிருந்த பழைய மஸ்கட் தோட்டா, கொழுப்பு ஒரு துளி கிடையாது. மே 9-ந்தேதி அந்த 85 பேருக்கும் அணிவகுப்புல வச்சு விலங்கு மாட்டினாங்க. மறுநாள்தான் மே பத்து.

அதனால அடுத்த மே பத்துக்கு மூடநம்பிக்கைன்னோ சதின்னோ எழுத உக்கார்றவங்க, அந்த 85 பேர் மறுத்த தோட்டாவுல கொழுப்பு எங்க இருந்துச்சுன்னு முதல் வரியில சொல்லிட்டு ஆரம்பிங்க. நான் படிக்கிறேன்.