சாட்சி மாறினால் வழக்கு செத்துவிடுமா?

திருவண்ணாமலை கோர்ட்டில் வாய்தா முடிந்து, செஞ்சி பேருந்தில் கீழ்பென்னாத்தூர் திரும்புகிறவர்களின் பேச்சில் ஒரு தீர்ப்பு எப்போதும் தயாராக இருக்கும்: "சாட்சி மாறிட்டான்னா கேஸ் அவ்வளவுதான்." கொலை வழக்கென்றால் அதற்குக் கிளைகளும் முளைக்கும். கண்ணால் பார்த்தவர் நாலு பேராவது வேண்டும், சொந்தக்காரன் சாட்சி செல்லாது, மாறியவன் காசு வாங்கியிருப்பான். கோர்ட்டுப் படியை மிதிக்காதவர்களும் இதைச் சட்டம் போலவே சொல்கிறார்கள். சாட்சி சொல்லத் தயங்கி நிற்பவரின் காதில் இது விழும்போது, அவருக்கு இருந்த கொஞ்சநஞ்சத் துணிவும் போய்விடுகிறது. அதனால்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தப் பேச்சு வெறுங்காற்றில் பிறந்ததல்ல. காஞ்சிபுரம் சங்கரராமன் கொலை வழக்கில் 189 சாட்சிகள் விசாரிக்கப்பட்டார்கள். அவர்களில் 83 பேர் முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லி, பிறழ் சாட்சிகள் ஆனார்கள். 2013 நவம்பரில் புதுச்சேரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 23 பேரையும் விடுதலை செய்தது. குற்றம் நிரூபிக்கப்படாதபோது விடுதலை செய்வதுதான் நீதி. ஆனால் அந்த ஒரு வழக்கின் முடிவை எல்லா வழக்குக்கும் விதியாக்க முடியாது.

சட்டம் சொல்வது வேறு. ஒரு சாட்சி போலீசிடம் சொன்னதற்கு மாறாகக் கூண்டில் பேசினால், அவரை அழைத்த அரசு வழக்கறிஞரே நீதிமன்ற அனுமதியோடு அவரைக் குறுக்கு விசாரணை செய்யலாம். பழைய சாட்சியச் சட்டத்தில் இது 154ஆம் பிரிவு. அப்படிப் பிறழ்ந்தவர் சொன்னது முழுக்கக் குப்பைக்குப் போவதில்லை. அதில் நம்பத்தக்க பகுதியை மற்ற ஆதாரங்களோடு ஒத்துப்பார்த்து ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1976 முதல் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறது.

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்பதற்குக் கோகுல்ராஜ் வழக்கைவிட நல்ல சான்று இல்லை. ஓமலூரைச் சேர்ந்த பட்டியல் சாதி இளைஞர் அவர், பொறியியல் படித்தவர். 2015 ஜூன் 23 அன்று தன் தோழியோடு திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குப் போனார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் தலை துண்டான உடலாகக் கிடந்தார். தற்கொலை என்று காட்டக் கடிதமும் வீடியோவும் ஜோடிக்கப்பட்டிருந்தன. வழக்கை விசாரித்து வந்த டி.எஸ்.பி. விஷ்ணுபிரியா அந்தச் செப்டம்பரிலேயே தற்கொலை செய்துகொண்டார். கடைசியாகக் கோகுல்ராஜோடு இருந்த அந்தத் தோழிதான் முதன்மைச் சாட்சி. அவர் பிறழ்ந்தார்.

பேருந்துப் பேச்சின்படி வழக்கு அன்றே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. மகனைப் பறிகொடுத்த தாய் விடாமல் போராடினார். விசாரணை நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றப்பட்டது. கோயிலின் கண்காணிப்புக் கேமரா பதிவும் மற்றச் சூழ்நிலைச் சான்றுகளும், மனிதர் சொல்ல மறுத்ததைச் சொல்லின. 2022 மார்ச்சில் முதன்மைக் குற்றவாளியான யுவராஜ் உள்ளிட்ட 10 பேருக்குத் தண்டனை கிடைத்தது. 5 பேர் விடுதலையானார்கள். மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள் எம்.எஸ்.ரமேஷும் ஆனந்த் வெங்கடேஷும் அந்தத் தோழியை மீண்டும் வரவழைத்து, கேமரா காட்சியைப் போட்டுக் காட்டினார்கள். அதில் இருப்பது தான் அல்ல என்றார் அவர். நீதிமன்றம் அவர்மீது அவமதிப்பு நடவடிக்கை தொடங்கியது. நீதிபதிகள் திருச்செங்கோடு கோயிலுக்கே நேரில் போய், கேமராக்கள் இருந்த இடங்களைப் பார்த்தார்கள். 2023 ஜூன் 2 அன்று யுவராஜின் தண்டனை உறுதியானது. முதன்மைச் சாட்சி இரண்டு நீதிமன்றங்களில் மறுத்த பிறகும் அந்த வழக்கு நின்றது.

நாலு பேர் வேண்டும் என்பதற்குப் பதில் தஞ்சை மண்ணிலேயே கிடைத்துவிட்டது. 1955இல் முத்துப்பேட்டையில் தேநீர்க் கடைக்காரர் ஒருவர் கொல்லப்பட்டார். அவருடைய மனைவியின் ஒற்றைச் சாட்சியத்தை நம்பித்தான் தண்டனை. வடிவேலு தேவர் வழக்கு என்று இன்றும் நாடு முழுக்க மேற்கோள் காட்டப்படும் அந்தத் தீர்ப்பில், 1957இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. எந்த உண்மையை நிரூபிக்கவும் இத்தனை சாட்சி வேண்டும் என்று சட்டம் கணக்கு வைக்கவில்லை. சாட்சியத்தை எடை போட வேண்டும், எண்ணக் கூடாது என்பதே அதன் சாரம்.

சொந்தக்காரன் சாட்சி செல்லாது என்பவர்கள், அங்கே சாட்சி சொன்னவர் மனைவி என்பதையும் கவனிக்க வேண்டும். இரவில் வீட்டு வாசலில் நடக்கும் கொலையைச் சொந்தக்காரரைத் தவிர வேறு யார் பார்த்திருப்பார்கள்? விருத்தாசலம் அருகே 2003 ஜூலையில் சாதி மாறித் திருமணம் செய்துகொண்ட கண்ணகியும் முருகேசனும் விஷம் ஊற்றிக் கொல்லப்பட்டார்கள். உள்ளூர்ப் போலீஸ் முருகேசன் தரப்பினரையும் குற்றவாளிகளாகச் சேர்த்தது. வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. சாட்சிகள் பலர் பிறழ்ந்தார்கள். ஆனாலும் முருகேசனின் குடும்பத்தார் சொன்னதை நீதிமன்றங்கள் நம்பின. 2021இல் கடலூர் நீதிமன்றம் இரண்டு போலீஸ் அதிகாரிகள் உட்பட 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீடுகளை ஏற்கவில்லை. பிறழ் சாட்சி என்பதாலேயே அவர் சொன்ன அனைத்தையும் ஒதுக்கத் தேவையில்லை என்று அந்தத் தீர்ப்பும் விரிவாகப் பேசுகிறது.

கடைசியாக, காசு. சிலர் வாங்குகிறார்கள்தான். ஆனால் கண்ணகி, முருகேசன் வழக்கில் கடலூர் நீதிமன்றத் தீர்ப்பே கொலை நடந்து 18 ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. அத்தனை காலமும் அதே தெருவில், குற்றம் சாட்டப்பட்டவரின் உறவினர் முகத்தில் விழித்துக்கொண்டு, அவர்கள் நிலத்தில் கூலிக்குப் போய்க்கொண்டு, ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலியை இழந்துகொண்டு வாழ்வது எப்படி இருக்கும்? அப்படி ஒடிந்துபோனவரை விலைபோனவர் என்று ஏசுவது அநியாயம். பயம் போகாமல் வாய் திறக்காது.

பயத்துக்கு மருந்தாகத்தான் 2018 டிசம்பரில் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் ஏற்று, நாடு முழுக்கச் சட்டமாகப் பின்பற்றச் சொன்னது. வீட்டுக்குக் காவல், கோர்ட்டுக்குப் பாதுகாப்போடு அழைத்துச் செல்லுதல், தேவைப்பட்டால் தற்காலிக இடமாற்றம், மூடிய அறையில் சாட்சியம் எல்லாம் அதில் உண்டு. முடிவெடுப்பது மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு. ஆபத்து எவ்வளவு என்ற அறிக்கையைப் போலீஸ் ஐந்து வேலை நாட்களுக்குள் தர வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 398ஆம் பிரிவும் இத்தகைய திட்டத்தை அறிவிப்பதை மாநிலங்களின் கடமையாக்கியிருக்கிறது. கீழ்பென்னாத்தூர்க்காரர் ஒருவருக்கு மிரட்டல் வந்தால், அவருடைய மனு போக வேண்டிய இடம் திருவண்ணாமலைதான். அவர் வாய்தாவுக்கு ஏறும் அதே பேருந்தில் போய்க் கொடுக்கலாம்.