மருத்துவமனை வாசலில் போலீஸ்

பட்டா, பஞ்சமி நிலம், காலனிக்குப் போகும் சாலை என்று எழுதிவரும் இந்தப் பகுதியில் இந்த வாரம் அமெரிக்காவைப் பற்றி எழுதுகிறோம். ஜோதிராவ் பூலே 1873இல் தமது ‘குலாம்கிரி’ நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அம்பேத்கர் 1946இல் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். உறவு பழையதுதான்.

1989இல் தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரில், ஏழைகள் போகும் அரசு மருத்துவமனை ஒன்று கர்ப்பிணிகளின் சிறுநீரைச் சோதிக்கத் தொடங்கியது. சோதனை போலீசுக்காகவும்தான் என்று அந்தப் பெண்களிடம் யாரும் சொல்லவில்லை. கோகெய்ன் இருப்பது தெரிந்தால் தகவல் காவல் துறைக்குப் போனது. கைதான 30 பேரில் 29 பேர் கறுப்பினப் பெண்கள். சிலரைப் பிள்ளை பெற்ற கையோடு விலங்கிட்டுக் கொண்டுபோனார்கள். பத்துப் பெண்கள் வழக்குப் போட்டார்கள். சம்மதம் பெறாமல் இப்படிச் சோதித்துப் போலீசிடம் கொடுப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2001 ஆகிவிட்டது.

கர்ப்பிணி போதைப்பொருள் எடுத்தால் தப்புதானே என்று கேட்பவர்கள் உண்டு. ஃபுளோரிடாவின் ஒரு மாவட்டத்தில் நடத்திய ஆய்வு 1990இல் வெளிவந்தது. சோதித்த வெள்ளைக் கர்ப்பிணிகளில் 15.4 சதவீதம் பேரிடமும் கறுப்பினக் கர்ப்பிணிகளில் 14.1 சதவீதம் பேரிடமும் போதைப்பொருள் இருந்தது. ஆனால் அதிகாரிகளிடம் புகார் போனது கறுப்பினப் பெண்கள் மீது சுமார் பத்து மடங்கு அதிகம். பழக்கம் இருவருக்கும் ஒன்றுதான், மாட்டிவிடப்பட்டவர் ஒருவர்.

சட்டமும் அப்படித்தான் இருந்தது. கறுப்பினத்தார் தெருக்களில் விற்ற ‘கிராக்’ 5 கிராமோடு விற்பனைக் குற்றத்தில் பிடிபட்டால் ஐந்தாண்டு சிறை. அதே கோகெய்னைத் தூளாக விற்றுப் பிடிபட்டால், அந்தத் தண்டனைக்கு 500 கிராம் தேவைப்பட்டது. இது 1986ஆம் ஆண்டுச் சட்டம். பின்னர் ஆக்ஸிகான்டின் போன்ற அபின் வகை வலி மாத்திரைகள் வெள்ளையர் ஊர்களில் உயிர்களை வாங்கத் தொடங்கியதும் பேச்சு மாறியது. குற்றம் என்றவர்கள் நோய் என்றார்கள். நோய் என்றது சரிதான். முப்பது வருடம் முன்பே சொல்லியிருக்கலாம்.

அந்த நோய்க்கு மருந்து இருக்கிறது. பெரிதும் பயன்படுபவை புப்ரெனார்ஃபின், மெத்தடோன் இரண்டும். முன்னதைச் சாதாரண டாக்டரிடமே சீட்டு வாங்கி வீட்டில் சாப்பிடலாம். அது கையில் காசும் காப்பீடும் உள்ள வெள்ளையருக்கே அதிகம் போய்ச் சேர்ந்தது. மெத்தடோனுக்குத் தனி கிளினிக். அவை பெரும்பாலும் கறுப்பினத்தார், லத்தீன் மக்கள் வாழும் பகுதிகளில் வைக்கப்பட்டன. காலையில் வரிசையில் நின்று, நர்ஸ் கண்ணெதிரே குடித்துவிட்டு வர வேண்டும், தினமும். கைக்குழந்தையும் காலை ஷிப்ட் வேலையும் உள்ளவள் எத்தனை நாள் போவாள்? 2020இல் போதைப்பொருள் மிகையால் சாகும் விகிதத்தில் கறுப்பினத்தார் வெள்ளையரை முந்தினார்கள்.

அதைவிடப் பெரிய தடை பயம். எனக்குப் போதைப் பழக்கம் இருக்கிறது, தூக்கமில்லை, செத்துவிடலாம் போலிருக்கிறது என்று ஒரு தாய் வாய் திறந்தால், மறுநாள் குழந்தைகள் நலத் துறை கதவைத் தட்டலாம். பிள்ளை பறிபோகலாம். ஆகவே சொல்வதில்லை. சொன்னாலும் நம்புவார்களா? கறுப்பினத்தாரின் தோல் தடிமன் என்பது போன்ற பொய்களில் ஒன்றையாவது, கேட்கப்பட்ட வெள்ளை மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி டாக்டர்களிலும் பாதிப் பேர் நம்பியதாக 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. நம் அரசு மருத்துவமனைகளில் சீட்டு எழுதும் இடத்தில் “எந்தத் தெரு?” என்று கேட்கும் குரலை அறிந்தவர்களுக்கு இது புரியும்.

பைலி ஏவரி என்ற கறுப்பினப் பெண்மணி 1983இல் கறுப்பினப் பெண்களுக்கென்றே ஒரு சுகாதார அமைப்பைத் தொடங்கினார். வெளியில் சொல்லாத துயரங்களைப் பெண்கள் கூடி உட்கார்ந்து தங்களுக்குள் பேசிக்கொள்வதே அதன் முதல் வேலை. அந்த மாதிரிக் குழுக்களுக்கு அரசுப் பணம் போக வேண்டும். சிகிச்சை கேட்டு வந்தவளின் தகவல், அவள் கேட்டாள் என்ற ஒரே காரணத்துக்காகக் குழந்தைகள் நலத் துறைக்குப் போகக்கூடாது. மெத்தடோன் பக்கத்து மருந்துக்கடையில் கிடைக்க வேண்டும். இவை நம் கருத்து.

2024இல் விதி கொஞ்சம் தளர்ந்தது. சிகிச்சையில் ஒரு மாதம் தாண்டியவருக்கு 28 நாள் மருந்து வரை வீட்டுக்குக் கொடுக்கலாம். கொடுக்கலாமா வேண்டாமா என்று தீர்மானிப்பது மட்டும் இன்னமும் அந்தக் கிளினிக்தான்.