கணக்கேட்டின் சாவி யார் கையில்?



சில வாரங்களுக்கு முன் ஞாயிறு திருப்பலி முடிந்து, போளூர் ஆலய முற்றத்து வேப்பமர நிழலில் நின்றிருந்தேன். எனக்குப் பழக்கமான ஓர் அம்மையார் கனமான துணிப்பை ஒன்றைச் சுமந்தவாறு வந்தார். ஒரு மகளிர் சுய உதவிக் குழுவின் ஊக்குநர் அவர். கணக்கு எழுதுபவரும் அவரே. ஜவ்வாது மலையில் விளையும் சாமையை வாங்கி, போளூரில் ஓர் ஆலையில் உமி நீக்கி, அரிசியாக்கி விற்பது அக்குழுவின் தொழில். பையில் ஐந்து நோட்டுகள் இருந்தன: கொள்முதல், விற்பனை, ரொக்கம், கடன் பேரேடு, தீர்மானப் புத்தகம்.

“ஐயா, விடுமுறைக்கு வந்த என் மகன் இந்த ஐந்தையும் படமெடுத்துக் கணினியில் ஏற்றி, செயற்கை அறிவு உதவியாளரோடு இணைத்துவிட்டான். எதைக் கேட்டாலும் நொடியில் பதில் வந்தது. நாங்களும் மகிழ்ந்தோம். ‘கிடங்கில் எவ்வளவு சாமை இருக்க வேண்டும்?’ என்று கேட்டதில்தான் வினை வந்தது. 760 கிலோ என்று அது சொல்லிற்று. கிடங்கில் இருப்பதோ 40 கிலோ. சாவியை வைத்திருக்கும் ஆயா மூன்று நாளாகச் சாப்பிடவில்லை” என்றார்.

அந்த ஆயா மலையிலிருந்து இறங்கி வந்து இருபது ஆண்டுகளாக அக்கிடங்கைக் காத்து வருபவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். அவரை நேரில் திருட்டுக் குற்றம் சாட்டியவர் ஒருவருமில்லை. ஆனால் 720 கிலோ எங்கே என்ற கேள்வி வீட்டுக்கு வீடு நடக்கத் தொடங்கிவிட்டது. கணினி சொன்ன கணக்காயிற்றே, பொய்யாகுமா என்றார்களாம்.

இவ்வுதவியாளர் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்று விளக்கினால்தான் மேலே செல்ல இயலும். வெளியுலகில் எழுதப்பட்டுள்ள எண்ணற்ற பக்கங்களைப் படித்துப் பேசக் கற்றுக்கொண்ட பொறி இது. சாமையைப் பற்றிக் கேட்டால் அழகாகச் சொல்லும். உங்கள் சாமையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அது தெரிய வேண்டுமானால் உங்கள் ஏட்டை அதற்குத் திறந்துவிட வேண்டும். அப்போதும் அது ஏட்டை மனப்பாடம் செய்துகொள்வதில்லை. நாம் கேள்வி கேட்கும் வேளையில் ஏட்டில் பொருத்தமான பக்கங்களைத் தேடி எடுத்து, முன்னால் வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறது. நூலகத்தில் நாம் சீட்டு எழுதிக் கொடுத்ததும் உள்ளே சென்று புத்தகம் எடுத்து வரும் பணியாளரைப் போன்றது. அலமாரியில் இல்லாத புத்தகத்தை அவர் கொண்டுவர முடியாது. ஆனால் அந்தப் பணியாளர் “இல்லை” என்று திரும்பி வந்துவிடுவார். இந்தப் பொறியோ கிடைத்ததைக் கொண்டே ஒரு பதிலைக் கட்டிவிடும்.

முன்பெல்லாம் ஒவ்வோர் ஏட்டையும் ஒவ்வோர் உதவியாளரோடு இணைக்கத் தனித்தனியே நிரல் எழுத வேண்டியிருந்தது. 2024 நவம்பரில் ஆன்த்ரோபிக் என்னும் அமெரிக்க நிறுவனம், ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ என்ற பொது வழிமுறை ஒன்றை வெளியிட்டது. எந்த நிறுவனத்து மின்விசிறியையும் செருகக்கூடிய ஒரே அளவுப் பிளக் பாயிண்ட் போன்றது என வைத்துக்கொள்ளுங்கள். மறு ஆண்டிலேயே ஓப்பன்ஏஐ போன்ற போட்டி நிறுவனங்களும் அதனை ஏற்றுக்கொண்டன. அதனால்தான் கல்லூரி மாணவன் ஒருவன் ஒரு பிற்பகலில் ஐந்து நோட்டுகளை இணைத்துவிட முடிகிறது.

இதனால் நன்மை இல்லையென்று சொல்ல மாட்டேன். நம் வட்டாரத்து உழவர் பலருக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளாக, பி.எம். கிசான் திட்டத்தில் வருகிறது. தவணை வராதபோது வட்டாட்சியர் அலுவலகம், வங்கி, இ-சேவை மையம் என்று அலைந்தவர்களை நானறிவேன். 2023 செப்டம்பரில் மத்திய அரசு ‘கிசான் இ-மித்ரா’ என்னும் உரையாடல் உதவியாளரைத் தொடங்கிற்று. தமிழ் உட்பட 11 மொழிகளில் அது விடையளிக்கிறது. அதன் பயன் எங்கே இருக்கிறது? திட்டத்தின் விதிகளை ஒப்பிப்பதில் இல்லை. அதை அச்சுத்தாளே செய்யும். பயனாளிகள் பதிவேட்டோடு அது இணைக்கப்பட்டிருப்பதால், கேட்பவருடைய விண்ணப்பம் எந்த நிலையில் நிற்கிறது என்று சொல்ல முடிகிறது. அதே ஆண்டில், சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த ‘ஏஐ4பாரத்’ குழுவினரின் மொழிக் கருவிகளைக் கொண்டு உருவான ‘ஜுகல்பந்தி’ என்ற உதவியாளரை ஹரியானாவில் ஒரு சிற்றூரில் சோதித்தார்கள். தொடக்கத்தில் 171 அரசுத் திட்டங்களின் விவரங்களே அதனிடம் இருந்தன. அந்த 171க்குள் கேட்டால் பயன். வெளியே கேட்டால் என்ன ஆகும் என்பதை நம் ஆயாவின் கண்ணீர் சொல்கிறது.

இனி அந்த 720 கிலோவுக்கு வருவோம். முற்றத்துத் திண்ணையிலேயே நோட்டுகளை விரித்தோம். மகனையும் அழைத்தேன். கொள்முதல் நோட்டில் ‘சாமை 2,000 கிலோ’. விற்பனை நோட்டில் ‘சாமை 1,240 கிலோ’. பொறி ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்திருந்தது. கழித்தலில் பிழையேயில்லை.

“தம்பி, மலையிலிருந்து வருவது எந்தச் சாமை?” என்றேன்.

“உமியோடு வரும் சாமைதான், ஐயா.”

“விற்றது?”

அவன் பேசவில்லை. தாயார்தான் தலையில் கைவைத்து, “ஐயோ, அது அரிசியல்லவா!” என்றார்.

வீட்டில் நாம் நெல்லென்றும் அரிசியென்றும் பிரித்துச் சொல்கிறோம். சாமைக்கோ பேச்சுவழக்கில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். எழுதியவருக்கு எது எதுவென்று தெரியும். பத்து ஆண்டுகளாக அவர் மனத்துக்குள்ளேயே கணக்கு நேராகிக்கொண்டிருந்தது. பொறிக்கு மனத்தை இணைக்க வழியில்லை. (மூட்டையும் அப்படியே. கொள்முதல் நோட்டின் மூட்டையும் விற்பனை நோட்டின் மூட்டையும் ஒரே எடையல்ல என்பதை அன்றுதான் கண்டோம். நல்லவேளையாக, அவ்வாண்டுப் பக்கங்களில் கிலோவும் எழுதியிருந்தார்.)

உமி எவ்வளவு போயிற்று என்பதைச் சொல்ல வேண்டியவை ஆலைச் சீட்டுகள். அவை எந்த நோட்டிலும் இல்லை. வீட்டுக்குச் சென்று தேடியதில், சமையலறை ஆணியில் கம்பியில் குத்தி வைத்திருந்த ஒன்பது சீட்டுகள் கிடைத்தன. ஒவ்வொரு நடையும் 200 கிலோ. ஒன்பது நடையில் 1,800 கிலோ சாமை சென்று, 1,152 கிலோ அரிசி திரும்பியிருக்கிறது. பத்தாவது நடைக்குச் சீட்டில்லை. அதே விகிதம் என்றால் 128 கிலோ. ஆக மொத்தம் 1,280. விற்றது 1,240. கிடங்கில் 40. ஆயாவின் கைக்குக் குற்றமில்லை.

இச்செய்தியை அம்மையார் அன்று பிற்பகலே கிடங்குக்குச் சென்று சொன்னார். மகனும் உடன் சென்று ஆயாவின் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டானாம். பிழை அவனுடையது மட்டுமன்று என்பது என் கருத்து. வந்த பதிலை, கிடங்குக்குச் சென்று பாராமல் ஊரெல்லாம் பேசிய பெரியவர்களுக்கும் அதில் பங்குண்டு.

அம்மையார் என்னிடம் கேட்ட மற்றொரு கேள்வியும் உண்டு: “எல்லாவற்றையும் பிடுங்கிவிடலாமா?” வேண்டியதில்லை என்றேன். ஆனால் எந்த நோட்டு, எவ்வளவு உரிமையுடன் என்பதைக் குழு கூடித் தீர்மானிக்க வேண்டும் என்றேன்.

முதலாவது, பார்க்கும் உரிமை வேறு, எழுதும் உரிமை வேறு. இணைப்புக் கொடுக்கும்போது அந்த உதவியாளர்கள் பெரும்பாலும் அனுமதி கேட்கின்றன. நாம் படியாமலே ‘சரி’ என்று அழுத்திவிடுகிறோம். அமெரிக்காவில் 2025 ஜூலையில் ஒரு தொழில் முனைவர், ரெப்ளிட் என்ற நிறுவனத்தின் உதவியாளரிடம் தம் தரவுத்தளத்தைத் திறந்துவிட்டிருந்தார். எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்தும், 1,200க்கு மேற்பட்ட நிர்வாகிகளின் விவரங்கள் அடங்கிய அத்தளத்தை அது அழித்துவிட்டது. போதாக்குறைக்கு, மீட்க இயலாது என்றும் கூறிற்று. பின்னர் மீட்க முடிந்தது. நம் மகனும் ஐந்து நோட்டுகளுக்கும் எழுதும் உரிமையைக் கொடுத்திருந்தான். அன்றே மாற்றச் செய்தேன்.

இரண்டாவது, குழுவின் மின்னஞ்சலையும் இணைத்திருந்தான். இது நமக்குப் புதிய ஆபத்து. உதவியாளர் கடிதத்தைப் படிக்கும்போது, கடிதத்துக்குள் ஒருவன் எழுதிவைத்த கட்டளையை உரிமையாளரின் கட்டளை என்று எடுத்துக்கொள்ளக் கூடும். 2025 ஜூனில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ‘கோபைலட்’ உதவியாளரில் இத்தகைய ஓட்டை ஒன்றை ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். ஒரு மின்னஞ்சல் வந்து சேர்ந்தாலே போதும்; பெற்றவர் எதையும் அழுத்தாமலே உள்ளிருக்கும் தகவல் வெளியே செல்லக்கூடும் என்று காட்டினர். அவ்வோட்டையை அந்நிறுவனம் அடைத்துவிட்டது. ஆயினும் முன்பின் அறியாதவர் எழுதும் கடிதப் பெட்டியையும் நம் கணக்கேட்டையும் ஒரே பொறியில் சேர்த்துக் கட்டுவது எனக்கு உவப்பாயில்லை.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் நெஞ்சில் தைத்தது. கடன் பேரேட்டை அம்மையார் புரட்டிக் காட்டவில்லை. மடியிலேயே மூடி வைத்திருந்தார். மகள் பிரசவத்துக்கு, கணவன் வைத்தியத்துக்கு, அடகு நகை மீட்க என ஒவ்வொருத்தியும் வாங்கிய கடனும் காரணமும் அதிலுண்டு. என்னிடம் காட்டக் கூசிய அதே பேரேட்டைத்தான், எந்த நாட்டில் எந்த அறையில் இருக்கிறதென்று அறியாத கணினிக்கு மகன் திறந்துவிட்டிருந்தான்! 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், காகிதத்தில் எழுதிப் பின்னர் கணினியில் ஏற்றப்பட்ட விவரத்துக்கும் பொருந்தும். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பின் நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டுள்ளன. சட்டம் கிடக்கட்டும். அப்பெண்கள் தங்கள் துயரத்தை அம்மையாரை நம்பிச் சொன்னார்கள், மகனை நம்பியன்று.

நம் பங்குகளிலும் இவ்வாசை எழுந்துள்ளது. ஞானஸ்நானப் பதிவேட்டையும் திருமணப் பதிவேட்டையும் இணைத்துவிட்டால் சான்றிதழ் கேட்டு வருவோர் காத்திருக்க வேண்டாமே என்று ஓர் இளைஞர் என்னிடம் கூறினார். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 535ஆம் விதி, இப்பதிவேடுகள் அந்நியர் கைக்குச் செல்லாதபடி காக்கும் பொறுப்பைப் பங்குத்தந்தைக்கு அளித்திருக்கிறது. அவ்விதியை எழுதியவர்கள் இரும்புப் பெட்டியை நினைத்து எழுதியிருக்கலாம். இளைஞரின் எண்ணம் தீயதன்று. ஆனால் ஆயரகத்தைக் கேளாமல் கைப்பேசியில் ஒரு பக்கத்தைக்கூடப் படமெடுக்க வேண்டாம் என்றே அவரிடம் சொன்னேன்.

மகளிர் குழு கூடிற்று. கொள்முதல், விற்பனை, ரொக்கம் ஆகிய மூன்றும் பார்க்கும் உரிமையுடன் மட்டும் இணைப்பில் இருக்கும். கடன் பேரேடும் தீர்மானப் புத்தகமும் மின்னஞ்சலும் நீக்கப்பட்டன. ஏற்றிய படங்களும் அழிக்கப்பட்டன. ஆலைச் சீட்டுகளுக்கென ஒரு புதிய நோட்டு. அதன் முதற்பக்கத்தில் ‘சாமை’ என்றால் உமியுடன், ‘சாமையரிசி’ என்றால் உமி நீக்கியது, ‘மூட்டை’ என்று எழுதலாகாது, கிலோ மட்டுமே என்று அம்மையார் தம் கையால் எழுதியிருக்கிறார். கிடங்கு இருப்பைப் பற்றிய பதில் எதுவாயினும், ஆயா முன்னிலையில் எடை போட்டுப் பார்த்த பின்னரே பேசுவது என்றும் முடிவு செய்தார்கள்.

பத்தாவது நடைக்கு 128 என்று தானே எழுதிவிடலாமென மகன் நினைத்தான். வேண்டாமென்று தாயார் தடுத்துவிட்டார். நகல் சீட்டைத் தேடித் தருவதாக ஆலைக்காரர் சொல்லியிருக்கிறாராம். சென்ற ஞாயிறு விசாரித்தேன், இன்னும் கிடைக்கவில்லை. அந்தக் கட்டம் வெறுமையாகவே இருக்கிறது.